அரிசி ஆலையில் கார்பனைக் குறைக்க முதலில் எது: சோலாரா, உமி கேசிபயரா, சாண எரிவாயுவா?

கடைமடை உழவன் கேட்டது:

வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் புழுங்கல் அரிசி ஆலை, மணிக்கு 2 டன். கடன் தருபவர்கள் கார்பன் குறைப்புத் திட்டம் ஒன்று எழுதிக் கேட்கிறார்கள். எதற்கு எவ்வளவு பணம் போட்டால் ஆண்டுக்கு எத்தனை டன் குறையும் என்று அட்டவணையாக வேண்டுமாம்.

கையில் இருக்கும் எண்கள் இவை. ஆண்டுக்கு 1,300 டன் நெல் அரைபடுகிறது. அரைவை நடக்கும் 8 மாதங்களில் மாதம் 6,500 யூனிட், மீதி 4 மாதங்களில் 1,500 யூனிட். யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து 8 ரூபாய் ஆகிறது. காலை 8 முதல் மாலை 5 வரை ஓட்டம், ஞாயிறு விடுமுறை. 62.5 கேவிஏ ஜெனரேட்டருக்கு அரைவை மாதங்களில் மாதம் 250 லிட்டர் டீசல். உமி ஆண்டுக்கு 260 டன். பாதி எங்கள் பாய்லருக்கு, பாதி செங்கல் சூளைக்கு விற்பனை.

இயக்குநர் குழுவில் வந்த யோசனைகள்: கூரையில் 30 கிலோவாட் சோலார், விற்கும் உமியைக் குறைந்த காற்றில் வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் கேசிபயர், உறுப்பினர்கள் 40 பேர் வீட்டில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன், 20 பேருக்கு 5 எச்.பி. சோலார் பம்ப், கூரைமேல் சின்னக் காற்றாலை. எதை மேலே வைப்பது, கணக்கை எப்படிப் போடுவது?

---

மின்கணக்கன் பதில்:

எந்தத் தொழில்நுட்பம் நல்லது என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு விற்பனைத் தாள்தான் கையில் மிஞ்சும். ஒவ்வொரு யோசனைக்கும் இரண்டே கேள்விகள் போடுங்கள். அது எதை நிறுத்துகிறது? ஆண்டில் எத்தனை மணி நேரம் உண்மையிலேயே வேலை செய்கிறது?

முதலில் இன்றைய நிலை. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்ணின்படி, இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்கள் 58,000 யூனிட்டுக்கு 42 டன். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, எனவே 2,000 லிட்டருக்கு 5.4 டன். மொத்தம் 47 டன். பாய்லரில் எரியும் உமி, பயிர் காற்றிலிருந்து எடுத்த கரியைத் திருப்பிக் கொடுப்பதாகவே கணக்கு. அதைச் சுழியமாக வைத்துவிடலாம். உமி பாய்லரை "புதிய பசுமைத் திட்டம்" என்று அட்டவணையில் நுழைக்காதீர்கள். ஏற்கெனவே நடப்பது குறைப்பு ஆகாது.

சோலார்: நம் பக்கம் 1 கிலோவாட் ஆண்டுக்கு 1,450 யூனிட் தரும் என்று வைத்தால் போதும். 1,600 என்று எழுதித் தருபவரிடம், ஆலைத் தூசிக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று கேளுங்கள். 30 கிலோவாட்டுக்கு 43,500 யூனிட், அதாவது 31 டன்.

பணக் கணக்கு வேறு. கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய், வட்டி 10 சதவீதம், ஆயுள் 25 ஆண்டு என்று வைத்தால் ஆண்டுத் தவணை சுமார் 5,500. பராமரிப்பு 750. 1,450 ஆல் வகுத்தால் யூனிட் 4.30 ரூபாய். கிரிட் (மின்வாரிய) விலை 8 என்பதால், குறைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 5,100 ரூபாய் செலவு இல்லை, மிச்சம்.

ஆனால் இது எல்லா யூனிட்டும் உங்கள் மோட்டாருக்கே போனால். அரைவை மாதங்களில் 30 கிலோவாட் தருவது மாதம் 3,600. ஞாயிறு போனால் 3,100. மற்ற மாதங்களில் பகலில் 900 யூனிட் இழுத்தாலே அதிகம். கூட்டினால் ஆண்டுக்கு 28,400, மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது யூனிட் விலை 6.60 ரூபாய்க்கு ஏறும். மீதியை கிரிட்டுக்குத் தந்தால் கார்பன் கணக்கில் அது முழுசாகச் சேரும், ரூபாய் கணக்கில் குறைந்த விலைக்குத்தான் போகும். ஏற்றுமதியைத் தடுக்கும் கருவி போட்டுவிட்டாலோ இரண்டு கணக்கிலும் போச்சு. அட்டவணையில் இந்த இரண்டு யூனிட்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள்.

சோலார் பம்ப்: 5 எச்.பி.க்கு 4.8 கிலோவாட் பேனல். அது ஆண்டுக்கு 7,000 யூனிட் தர வல்லது. ஆற்றுநீர் வரும் நிலத்தில் பம்ப் ஓடுவது 400 மணி நேரம் என்றால் இழுப்பது 1,800 யூனிட், குறைப்பு 1.3 டன். டீசல் எஞ்சினை நிறுத்தினாலும் மணிக்கு ஒரு லிட்டர் கணக்கில் 1.1 டன்தான். அதே பேனல் ஆலைக் கூரையில் இருந்தால் 5 டன். மேலும் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், இணைப்பு உள்ளவருக்கு மாறுவதில் ரூபாய் லாபமும் கிடையாது. சோலார் பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் தனி பம்ப் எடுப்பதானால், அதே பேனலில் மாவு மெஷின், தீவன வெட்டி எல்லாம் ஓட்டக்கூடிய பொதுக் கட்டுப்பாட்டுப் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு இருக்கும் பம்ப் என்றால் கிரிட்டோடு சேர்த்துச் சோலார் ஆக்கும் 'சி' பிரிவைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பேனல் முக்கால் ஆண்டு வெயில் காயும்.

சின்னக் காற்றாலையை இப்போதே அடித்துவிடுங்கள். காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. 2 மீட்டர் விட்ட விசிறி, நொடிக்கு 4 மீட்டர் காற்றில் தருவது சுமார் 36 வாட். காற்று ஏறி இறங்குவதைச் சேர்த்து இரண்டு மடங்கு ஆக்கினாலும் ஆண்டுக்கு 600 யூனிட் வரும். ஒரு கிலோவாட் பேனலில் பாதிகூட இல்லை. கூரை விளிம்பில் காற்று சுழலும், அதிர்வு சுவருக்கு இறங்கும். முப்பந்தலில் காற்றாலை ஓடுகிறதே என்றால், அது கணவாய்க் காற்று, உயரமும் வேறு.

---

உமிச்சாம்பல் பதில்:

கேசிபயர் பற்றி மட்டும் சொல்கிறேன். 130 டன் உமி, யூனிட்டுக்கு 1.8 கிலோ என்றால் 72,000 யூனிட் வரும். கிரிட்டைத் தவிர்த்ததாக எழுதினால் 52 டன். காகிதத்தில் இது சோலாரைவிடப் பெரியது, விற்பவர் காட்டுவதும் இதைத்தான். (உங்கள் மொத்தத் தேவையே 58,000 என்பதை அந்தத் தாள் சொல்லாது.)

ஆனால் அந்த உமி இன்று எங்கே போகிறது? சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிகிறதா, விறகுக்குப் பதிலாகவா? ஒரு கிலோ உமியில் சுமார் 3,200 கிலோ கலோரி. அந்த வெப்பத்தை நிலக்கரியில் எடுத்தால் 1.25 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அதே ஒரு கிலோ உமியை கேசிபயரில் போட்டு மின்சாரம் எடுத்தால் தவிர்ப்பது 0.4 கிலோ. உங்கள் உமி நின்றதும் சூளைக்காரர் நிலக்கரிக்குப் போனால், நீங்கள் 52 டன் குறைத்து அவர் 160 டன் கூட்டுவார். உங்கள் கணக்கு பச்சை, ஊர்க் கணக்கு கருப்பு.

சூளையில் சீமைக் கருவேலம் எரிகிறது, வெட்டினால் தழைக்கிறது என்றால் கதை மாறும். அப்போது கேசிபயர் நிற்கும். ஆகவே சூளைக்காரரிடம் "உமி கிடைக்காத மாதம் எதைப் போடுவீர்கள்?" என்று கேட்டு, பதிலைத் திட்டத்தில் எழுதுங்கள். அதை எழுதாத எந்த உமித் திட்டத்தையும் நம்ப மாட்டேன்.

நடைமுறையில் எங்கே படுக்கும் என்றால், தாரில். உமி கேசிபயர் வாயுவில் தார் அதிகம். வடிகட்டியில் மரத்தூளும் மணலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் விட்டால் எஞ்சின் வால்வு ஒட்டிக்கொள்ளும். வாயுவைக் கழுவிய தண்ணீரில் பீனால் இருக்கும், வாய்க்காலில் விடக்கூடாது. கடைமடையில் அது நேராகக் குளத்துக்குத்தான் போகும். உமி எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக விழும், பெரும்பாலும் சிலிக்கா. 130 டன்னுக்கு 26 டன் சாம்பலை எங்கே கொட்டுவது என்பது தனிக் கேள்வி. ஆபரேட்டர் ஒருவர் முழுநேரம் வேண்டும். பீகாரில் உமி கேசிபயரால் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுத்துப் பெயர் வாங்கிய ஹஸ்க் பவர் நிறுவனமே பிறகு சோலார் பக்கம் திரும்பிவிட்டது.

அதைவிட, நெல் ஊறவைத்த தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆழக் குழியில் தேங்கி நாறினால் அங்கே மீத்தேன் கிளம்புகிறது. மேலோட்டமான தொட்டியில் காற்றுப் படும்படி ஓட விடுவதோ, மூடிய கலனில் வாயு பிடிப்பதோ உங்கள் அட்டவணையில் ஒரு வரிக்குத் தகும். தண்ணீரின் சி.ஓ.டி. (கழிவுச் செறிவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை) அளவை ஆய்வகத்தில் எடுத்தபிறகே எண் போடுங்கள்.

---

தொழுவம் பதில்:

சாண எரிவாயு எனக்குப் பிடித்த விஷயம். ஆனாலும் 2 கன மீட்டர் வேண்டாம். அதற்குத் தினம் 50 கிலோ சாணம், ஐந்து மாடு. வாயுவை முழுசாக எரித்தால் மாதம் 26 கிலோ கேஸ், ஆண்டுக்கு 22 சிலிண்டருக்குச் சமம். எந்த வீட்டில் 22 சிலிண்டர் எரிகிறது? ஒரு குடும்பம் எட்டு, ஒன்பது என்றால் மீதி வாயு தினமும் வழிந்து காற்றில் போகும். போவது மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 27 மடங்கு.

1 கன மீட்டர் போதும். 25 கிலோ சாணம், இரண்டு மூன்று மாடு. வீட்டில் 9 சிலிண்டர் நின்றால் 128 கிலோ கேஸ், 0.38 டன். 40 வீட்டுக்கு 15 டன். இப்போது கசிவைப் பாருங்கள். 1 கன மீட்டர் கலன் நாளைக்கு 0.4 கிலோ மீத்தேன் தரும், ஆண்டுக்கு 145 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு கசிந்தால் 14.5 கிலோ, 27 ஆல் பெருக்கினால் 0.39 டன். மிச்சம் பிடித்தது மொத்தமும் போச்சு! எனவே இதில் கார்பன் குறைப்பு என்பது கொத்தனார் கையில் இருக்கிறது.

தீனபந்து மாதிரிக் குவிமாடத்தில் உட்பூச்சுதான் உயிர். சாணம் போடுமுன் சோதனை கட்டாயம்: வாயு வால்வைத் திறந்துவைத்துத் தண்ணீர் நிரப்புங்கள், பிறகு வால்வை மூடி இன்னும் தண்ணீர் ஊற்றி அழுத்தம் ஏற்றுங்கள். குழாயில் யூ வடிவப் பிளாஸ்டிக் ட்யூப் மாட்டி நீர்மட்டத்தைக் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் குவிமாடத்தில் வெடிப்பு. அதைச் சரிசெய்யாமல் கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள். ஓடும் கலனில் இணைப்புகளுக்குச் சோப்பு நுரை. இன்னொரு எளிய அளவுகோல், 25 கிலோ சாணம் ஒழுங்காகப் போனால் ஒரு அடுப்பு இரண்டு மணி நேரமாவது எரிய வேண்டும். ஒரு மணியோடு நின்றால் கசிவு அல்லது கரைசல் தப்பு.

சாணமும் தண்ணீரும் சமபங்கு. வைக்கோல் விழுந்தால் மேலே ஏடு கட்டும். குழாயின் தாழ்வான இடத்தில் நீர் வடிகால் இல்லையென்றால் மழைக்காலத்தில் அடுப்பு விட்டுவிட்டு எரியும். இதெல்லாம் சரியாக இருந்தும் கலன் சாவது ஒரே காரணத்தால்: மாட்டை விற்றுவிடுவார்கள். மூன்று மாட்டுக்குக் குறைவான வீட்டைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 40 வீடு 22 வீடாகச் சுருங்கினாலும் பரவாயில்லை.

சாணம் இப்போது எருக்குழியில் காய்ந்து கிடக்கிறதா, சகதியாகத் தேங்குகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சகதி என்றால் அதிலிருந்து வந்த மீத்தேனும் நிற்கும், குறைப்பு கூடும். காய்ந்த குவியல் என்றால் அந்தக் கணக்கை உரிமை கொண்டாட முடியாது.

---

பழைய மோட்டார் பதில்:

எல்லாரும் உற்பத்தி பக்கமே பேசுகிறீர்கள். நிறம் மாறிய அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் இருக்கிறதா, தம்பி? இருந்தால் கம்ப்ரசர் இருக்கும், கம்ப்ரசர் இருந்தால் கசிவு இருக்கும். மில்லை நிறுத்திவிட்டு, காற்றை யாரும் எடுக்காதபோது கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். எத்தனை நொடி சுமையேறி ஓடுகிறது, எத்தனை நொடி சும்மா ஓடுகிறது என்று பத்து சுற்று எடுங்கள். சுமை 40 நொடி, சும்மா 80 நொடி என்றால் மூன்றில் ஒரு பங்கு காற்று வீண். 15 எச்.பி. கம்ப்ரசரில் அது 3.7 கிலோவாட், 1,800 மணிக்கு 6,600 யூனிட், 4.7 டன். ட்யூப், கப்ளிங், வடிகால் வால்வு மாற்ற சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதே யூனிட்டைச் சோலாரில் எடுக்க 4.5 கிலோவாட், இரண்டேகால் லட்சம்.

அடுத்து பாலிஷர் மோட்டார். 15 கிலோவாட் பழைய ஐ.இ.1 வகுப்பு மோட்டாரின் திறன் 88.7 சதவீதம், அதைவிட மேல் திறன் வகுப்பான ஐ.இ.3 என்றால் 92.1. ஆண்டுக்கு 900 யூனிட் வித்தியாசம் வரும். எரிந்து ரீவைண்டிங் செய்த மோட்டாரில் இன்னும் கூட. ஓடுகிற நல்ல மோட்டாரைக் கழற்ற வேண்டாம். அடுத்த தடவை எரியும்போது ரீவைண்டிங்குக்கு அனுப்பாமல் மாற்றுங்கள். இதை முதலில் முடித்தால் சோலாருக்கு 30 வேண்டியதில்லை, 25 போதும் என்று வரலாம். வரிசையைத் தலைகீழாகச் செய்து பெரிய பிளான்ட் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

---

கூரைமேல் பதில்:

பொருத்துவதில் வரும் சிக்கல்கள் சில, கணக்கில் வராதவை.

சோலார் போட்டால் ஜெனரேட்டர் வேண்டாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கிரிட் போனதும் சாதாரண இன்வெர்ட்டரும் நின்றுவிடும். லைன்மேன் உயிருக்காக அப்படித்தான் இருக்க வேண்டும். ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வேண்டுமென்றால் டீசல் மிச்சக் கட்டுப்பாட்டுக் கருவியும், மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் திருப்புச் சக்தி ரிலேயும் வேண்டும். 62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட். அதில் 30 சதவீதம், அதாவது 15 கிலோவாட் குறைந்தபட்ச சுமை ஜெனரேட்டர்மேல் எப்போதும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். உங்கள் சராசரி சுமை 29 என்றால் சோலாருக்கு மீதி இடம் 14. டீசலில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று எழுதுங்கள், 1.8 டன். முழு 5.4 டன் என்று எழுதாதீர்கள்.

தவிட்டுத் தூசி சாதாரணத் தூசி அல்ல, எண்ணெய்ப் பசை உள்ளது. மழையில் போகாது. உமி, தவிடு ஊதும் சைக்ளோன் (தூசி பிரிக்கும் கூம்பு) வாய் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பேனல் வரிசை போடுங்கள். முடியாவிட்டால் வாயில் துணிப் பை வடிகட்டி. கழுவ உப்புநீர் கிணறு ஆகாது, வெள்ளைப் படலம் நிற்கும். கூரை மழைநீரைப் பிடித்து ஒரு தொட்டி வையுங்கள். விடியற்காலையில் கழுவ வேண்டும், வெயிலில் சூடான கண்ணாடியில் அல்ல.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய பகுதி அது. பேனலைத் தாங்கும் சட்டத்தின் காற்றுச் சுமைக் கணக்கை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகப்படி பொறியாளர் கையெழுத்தோடு கேளுங்கள். உப்புக்காற்றுக்கு 80 மைக்ரான் சூடான துத்தநாகப் பூச்சு, துருப்பிடிக்காத எஃகு போல்ட். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆணியடித்துப் பேனல் ஏற்றக்கூடாது. ஆள் நடக்கவும் முடியாது. பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் நேராகத் தாங்கி, நடைபாதைப் பலகை. வேறு வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று மாட்டினால் சூடேறி உருகும். தவிட்டுத் தூசி உள்ள இடத்தில் இதுதான் பெரிய பயம். டிசி, ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி.

---

கடைமடை உழவன் கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. கம்ப்ரசரை நேற்றே பார்க்கச் சொல்லிவிட்டேன்: சுமை 35 நொடி, சும்மா 90 நொடி. சூளையில் கேட்டதற்கு "உமி இல்லாவிட்டால் கரி" என்றார்கள், கேசிபயரை எடுத்துவிட்டோம். இரண்டு சந்தேகம். பேனல் செய்வதிலேயே நிறைய கார்பன் போகிறது என்று ஒரு இயக்குநர் மறிக்கிறார். இன்னொருவர், குறைத்த டன்னுக்குச் சான்று வாங்கி கார்பன் கிரெடிட்டாக விற்கலாம் என்கிறார்.

---

மின்கணக்கன் பதில்:

35க்கு 90 என்றால் 28 சதவீதம். கசிவை அடைத்துவிட்டு அதே சோதனையை மறுபடி எடுங்கள். பத்துக்குக் கீழே இறங்கினால் நல்ல நிலை.

பேனல் விஷயம் உண்மைதான், ஆனால் சிறியது. 2014 ஐ.பி.சி.சி. (ஐ.நா. காலநிலை மாற்றக் குழு) அறிக்கையில் செய்வது முதல் கழிப்பது வரை சேர்த்து கூரைச் சோலாருக்கு இடைநிலை மதிப்பு யூனிட்டுக்கு 41 கிராம், நிலக்கரிக்கு 820. கறாராக இருக்க வேண்டுமானால் 0.72இலிருந்து 0.04 கழித்து 0.68 போடுங்கள். அதைவிடப் பெரிய தவறு 25 ஆண்டுக்கும் 0.72 என்றே பெருக்குவது. கிரிட்டில் சோலாரும் காற்றும் கூடக் கூட அந்த எண் இறங்கும், பேனலும் ஆண்டுக்கு அரை சதவீதம் தளரும். முதல் ஆண்டு எண்ணை மட்டும் உறுதியாகச் சொல்லி, ஆணையத்தின் புதிய எண் வரும்போதெல்லாம் திருத்துவோம் என்று எழுதிவிடுங்கள்.

கிரெடிட் என்பது ஆண்டுக்கு 31 டன்னுக்குக் கட்டாது. சரிபார்ப்பவர் கட்டணத்திலேயே போய்விடும். போதாததற்கு, தானாகவே லாபம் தரும் திட்டத்தை "கிரெடிட் பணம் இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டோம்" என்று நிரூபிக்கவும் வேண்டும். யூனிட் 4.30 ரூபாய் என்று காட்டிவிட்டு அதைச் சொல்ல முடியாது.

---

பழைய மோட்டார் பதில்:

ஞாயிறு விடுமுறையை வேறு கிழமைக்கு மாற்றிப் பயனில்லை, ஏழில் ஒரு நாள் போகத்தான் போகும். ஆனால் ஊறல் தொட்டி நிரப்பும் பம்ப், குடோன் காற்றாடி, கிணற்று மோட்டார் மூன்றையும் டைமர் போட்டு விடுமுறை நாள் காலை 10 முதல் 2 வரை ஓட விடலாம். வார நாளில் மாலை ஆறுக்குமேல் ஓடுகிற எலிவேட்டர், பாய்லர் ஊட்டுப் பம்ப் ஏதாவது இருந்தால் அதையும் பகலுக்கு இழுங்கள். இதற்கெல்லாம் முன்னால் மெயின் பேனலில் ஒரு பதிவு மீட்டர் மாட்டி, அரைவை மாதத்தில் இரண்டு வாரம், சும்மா மாதத்தில் இரண்டு வாரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு எண் எடுத்து வையுங்கள். 25ஆ 30ஆ என்பதை அந்தத் தாள் சொல்லும். அளவெடுக்காமல் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.